டிரைவர் சீட்டில் மூன்று சிப்பம் அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை, தண்டலம் சர்வீஸ் ரோட்டில் இருக்கும் இஸ்மாயில் பாய் ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது. பின்னாலேயே பிரவீனும் வந்தான்.

பிரவீன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறான். ஒல்லியான ஆள், ரேஸ் பைத்தியம். பாயிடம் விற்பனைக்கு நிற்கும் பழைய சிவப்பு கார் ஒன்றை வாங்க ஆசைப்பட்டு, முந்தின நாள் ட்ராக்கில் பிராக்டிஸுக்கு ஓட்டிப் பார்த்திருந்தான். வண்டி அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. ஆனால், ஒரே ஒரு குறை...

"ஃபுல் ஸ்பீடுல பிரேக் அடிச்சா லெஃப்ட்ல லேசா இழுக்குது பாய். காலிபர் எதுனா புடிக்குதா பாருங்க."

பாய் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

காலிபரில், அதாவது சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகத்தில், எந்தக் கோளாறும் இல்லை. அந்த கார் ஏன் இடது பக்கம் இழுக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் தேவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு தேவாவைத் தெரியும். நான் கார் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "நீ பிரேக்க மிதிக்கல மச்சான், தடவிக் குடுக்குற" என்று கிண்டல் செய்வானே... அந்த தேவராஜ்தான். புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நானும் அவனும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய், ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தவர்கள். நான் கொஞ்ச நாளில் எழுத்து, கிழுத்து என்று வெளியே வந்துவிட்டேன். அவன் அங்கேயே தங்கிவிட்டான். பிரேக் ஸ்டேஷனில். லைனில் நகர்ந்து வரும் காருக்கு காலிபரை மாட்டி, போல்ட்டை முறுக்கி, அடுத்த காருக்குத் திரும்புகிற வேலை.

அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. பிரேக் மாட்டுகிறவன் பிரேக்கை மிதிப்பதில்லை! லைன் கடைசியில் டெஸ்ட் செய்ய வேறு ஆள். யார்டுக்கு ஓட்டிப் போக வேறு ஆள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று இவனிடம் வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். பிடிக்காவிட்டால் மட்டும் சூப்பர்வைசர் வந்து சொல்வார்.

"நான் மாட்டுன பிரேக்க ஒரு தடவையாவது நானே முழுசா மிதிச்சிப் பாக்கணும் மச்சான்" என்பான் தேவா.

நம் ஹைவேயில் பிரேக்கை முழுசாக மிதித்தால் என்ன ஆகும்? பின்னால் வருகிற கன்டெய்னர் லாரி நம் டிக்கிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கென்று இருக்கும் இடம் ட்ராக்தான். ரேஸ் நடக்கும் நாட்களில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே சத்தம் காதைப் பிளக்குமே, அந்த ட்ராக். பழைய கார்களுக்கென்று ஒரு கிளப் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போட்டி வைக்கிறது. ஒவ்வொரு காராக உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் சுற்றி வருகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் போட்டியில் ஓட்டுவதற்காகவே தேவா அந்தச் சிவப்பு ஹேட்ச்பேக்கை வாங்கினான்.

அவன் மனைவி மெர்சி, வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு காரிலேயே போகலாம் என்று சந்தோஷப்பட்டாள், பாவம். அடுத்த வாரமே அவன் பின்சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டுவிட்டான்.

பழைய காரை ரேஸுக்குத் தயார் செய்கிறவர்கள் முதலில் எதில் கை வைப்பார்கள்? இன்ஜினில். அப்புறம் சைலன்சரை மாற்றித் தெருவை எழுப்புவார்கள். தேவா இன்ஜினைத் தொடவே இல்லை. முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், சூடு தாங்குகிற பேட், ரப்பருக்குப் பதில் கம்பி பின்னிய பிரேக் ஹோஸ். எல்லாவற்றையும் பாயின் ஷெட்டில் அவன் கையாலேயே மாட்டினான். பிறகு சஸ்பென்ஷன் — குட்டையான, விறைப்பான ஸ்பிரிங். மரையைச் சுற்றி உயரத்தை ஏற்றி இறக்குகிற மாதிரி ஷாக் அப்சார்பர். அதற்குப் பிறகு வல்லம் வடகால் வரைக்கும் அந்த காரில் ஒரு தடவை போனேன். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் என் இடுப்புக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. இறங்கும்போது தேவா கை கொடுத்துத்தான் இறக்கினான்.

பிரேக் மட்டும் நன்றாக இருந்தால் போதாது என்பார் பாய். மிதிக்கும்போது நாலு சக்கரமும் அதனதன் பங்குக்குத் தரையை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் லேசாகிவிட்டால் அந்தப் பக்கத்துச் சக்கரம் முதலில் வழுக்கும், வண்டி மறுபக்கம் இழுக்கும். அதனால் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எடை மெஷினை அடியில் வைத்து, மரையைச் சுற்றிச் சுற்றி சரி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுகிற ஆள் சீட்டில் இருக்க வேண்டும். ஆள் இல்லாமல் செட் செய்தால் கணக்கு தப்பாகிவிடும்.

தேவாவுக்கோ ஷிப்ட், அது விட்டால் OT. நாள் முழுக்கப் பிள்ளையார் மாதிரி சீட்டில் உட்கார்ந்திருக்க நேரம் ஏது?

அதற்கும் பாயிடம் வழி இருந்தது. ஆள் எடைக்கு அரிசி மூட்டை!

சிப்பத்துக்கு இருபத்தைந்து கிலோ என்றால், தேவா அப்போது சரியாக மூன்று சிப்பம். வீட்டில் பிரிக்காமல் இருந்தது ஒன்று, கடையில் வாங்கியது இரண்டு. வீட்டில் என்ன விசேஷம் என்று கடைக்காரர் மெர்சியிடம் கேட்டாராம். மூன்றையும் டிரைவர் சீட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மறக்காமல் சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார் பாய். ஷிப்ட் முடிந்து வந்த தேவா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மெர்சி, என்னவிட நல்லா கீறாரே, இவரயே வச்சிக்கிறியா?" என்றான்.

"பேசாம கீறாரு, சோறும் போடுவாரு" என்றாள் மெர்சி.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது அதை எழுதும்போது கை நின்று நின்று போகிறது.

அந்த வருஷப் போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் தேவாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. கேன்டீனில் பாதித் தட்டை ஒதுக்கினான். கேஸ் டிரபிள் என்று மாத்திரை போட்டுக்கொண்டான். யூனிஃபார்ம் தொளதொளவென்று ஆன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரைப்பையில் புற்றுநோய். பரவியும் விட்டிருந்தது.

அந்த வருஷப் போட்டி போனது. கீமோ, ரத்தம், மறுபடி கீமோ. அவன் கேட்டது அடுத்த வருஷப் போட்டியை மட்டும்தான். டாக்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த வாரம் உடம்பில் தெம்பு இருந்தால் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டார். டாக்டர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போட்டி நெருங்கியதும் அவனை என் காரில் பாயிடம் கூட்டிப் போனேன். சீட்டில் பழையபடி மூன்று சிப்பம் ஏறியிருந்தது. தேவா எடை மெஷினில் ஏறி நின்று குனிந்து பார்த்தான். "இப்ப நான் ரெண்டுதான் பாய். ஒண்ண எடுத்துடுங்க" என்றான், லைனில் அடுத்த ஆளுக்கு வேலை சொல்கிற குரலில்.

பாய் பெல்ட்டைக் கழற்றி, மேலே இருந்த சிப்பத்தைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போய் நின்றுகொண்டேன். தேவா களைத்துப்போய் என் காரின் பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மெர்சி அவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்கள். நர்ஸ் அந்த எண்ணைச் சொல்லும்போது மெர்சி பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பாள். அப்படியே சமாளித்து வந்தவள், இப்போது சீட்டைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த சிப்பத்தைப் பார்த்தாள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள். தேவாதான் சொன்னார் என்றார் பாய், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"திரும்ப வைங்க பாய். போட்டிக்கு இன்னும் டைம் கீது. அவரு ஏறிடுவாரு."

பாய் திரும்ப வைத்தார். மூன்று சிப்பத்துக்கே காரை செட் செய்தார்.

தப்புதான். டிரைவர் பக்கம் எடை குறைந்தால், பிரேக் அடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆபத்தில்லையே என்று நான்கு தடவை கேட்டேன். ஆபத்தெல்லாம் இல்லை, கொஞ்சம் முன்கூட்டியே பிரேக் போட வேண்டியிருக்கும், நேரம்தான் போகும் என்றார் பாய். தேவாவிடம் "ஆச்சு" என்று மட்டும் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள்... நோய் வந்த வீட்டில் எல்லோரும் செய்வது இதைத்தானே? பண்டிகைக்குப் பழைய அளவிலேயே சட்டை எடுக்கிறோம். அவர் முன்பு சாப்பிட்ட அளவுக்கே உலை வைக்கிறோம். மிஞ்சுவதை யாருக்கும் தெரியாமல் நாமே சாப்பிட்டுவிடுகிறோம். எதிரில் இருக்கிற ஆளுக்கு இல்லை, திரும்பி வரப்போகிற ஆளுக்கு!

போட்டி நாளில் தேவா எழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டதும் கழுத்து ஆடியது. ஆனால், ஓட்டினான். நீளமான நேர்ரோட்டின் முடிவில், மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தச் சிவப்பு காரின் பிரேக் லைட் எரிந்தது. மூக்கு லேசாக இடது பக்கம் போனது. உடனே நேரானது. வேலிக்கு இந்தப் பக்கம் மெர்சி என் கையைப் பிடித்த பிடியில் விரல் சிவந்துவிட்டது.

கடைசிக்கு முந்தின இடம். இறங்கியவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. முழுசாக மிதித்துவிட்டானே! வண்டி எப்படி இருந்தது என்று மெர்சி கேட்டாள்.

"சூப்பரா கீது மெர்சி. நூல் புடிச்ச மாதிரி நிக்குது."

அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் பாய் பக்கம் சாய்ந்தான். "மூணு சிப்பத்துக்கு வச்சிருக்கீங்க" என்றான். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டும் பாய். அவகிட்ட சொல்லிடாதீங்க."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் தேவா போய்விட்டான். காரை ஷெட்டில் தூங்க வைக்காதே, ட்ராக்கில் ஓட்டுகிற யாருக்காவது கொடு என்று மெர்சியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அப்படித்தான் பிரவீன் வந்தான். அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வி வந்தது.

நாங்கள் டீ கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போதே, சர்ச் முடிந்த கையோடு மெர்சி வந்துவிட்டாள். பிரவீனுக்கு என்ன தெரியும்? அவளிடமும் அதையே சொன்னான், பிரேக் அடித்தால் இடது பக்கம் இழுக்கிறது என்று. அன்றைக்கு நன்றாகத்தானே ஓடியது என்று மெர்சி பாயிடம் கேட்டாள். பாய்க்குப் பொய் வராது. துணியில் கையைத் துடைத்துத் துடைத்து, மெதுவாகச் சொன்னார். வண்டி இன்னும் மூன்று சிப்பத்துக்கே இருக்கிறது. ஓட்டுகிற ஆள் எடை குறைவாக இருந்தால் இழுக்கத்தான் செய்யும்.

மெர்சி டிரைவர் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சுதா பாய்?"

"மொத தடவ மிதிக்கும்போதே தெரிஞ்சிடுச்சுமா."

அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட நூல் புடிச்ச மாதிரி நிக்குதுன்னாரேண்ணா" என்றாள் என்னிடம். அடக்கத்தன்றுகூட அழாதவள், உடைந்து அழுதாள். நானும் அழுதேன். என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் பிரவீன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எத்தினி சிப்பம் இருப்ப தம்பி?"

பாய் அவனை எடை மெஷினில் ஏற்றினார். ரெண்டு, ரெண்டுக்குக் கொஞ்சம் மேலே. நானே சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், அரிசியெல்லாம் எதற்கு அக்கா என்றான் அவன். அவள் கேட்கவில்லை. அதே கடைக்குப் போய் ஆட்டோவில் அரிசியோடு வந்தாள். பாய் ரெண்டு சிப்பத்தைச் சீட்டில் அடுக்கி, மேலே ஒரு ஸ்பேனர் பையை வைத்து பெல்ட் போட்டார். மரையைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆனால், மெர்சி பழக்கத்தில் மூன்று வாங்கி வந்திருந்தாள்.

மூன்றாவதை ஆட்டோவில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கையால் அணைத்துப் பிடித்தபடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.