ஏழாவது பேனா போட்ட அம்மை

என்னிடம் ஆறு ஜப்பான் பேனாக்கள் இருந்தன. ஆறையும் வைத்து நான் எழுதிக்கொண்டிருந்தது, சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும் மீன் சீட்டு மட்டுமே. துறைமுகத்தில் இறங்குகிற சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் அலுவலகம் நடத்துகிறேன். ஒரு காலத்தில் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டவன். இப்போது பென்டிரைவ் மாதிரி ஒரு சாமானைக் கம்ப்யூட்டரில் செருகினால் கையெழுத்துத் தானாக விழுகிறது. பல் இருக்கிறவன் பக்கோடா தின்பான் என்பார்கள். எனக்குப் பல் போன பிறகுதான் பக்கோடா ஆசை வந்தது.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு ஜப்பான் கப்பலின் கேப்டன். காகிதங்களில் கையெழுத்துப் போட்டவர், நான் பார்ப்பதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே பேனாவை என்னிடம் நீட்டினார். வெறும் கறுப்பு. ஆனால் கையில் பிடித்த சற்று நேரத்தில் உள்ளங்கைச் சூட்டுக்கு வந்துவிட்டது. இரும்போ பிளாஸ்டிக்கோ அப்படி வராது. பிறகு தேடிப் படித்தேன். ஒரு மரத்தைக் கீறி வடித்த பாலைப் பூசி, இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மாதக்கணக்கில் கையாலேயே செய்கிறார்கள். உருஷி என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பூச்சு வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். எங்கள் உப்பளத்துக்காரர்கள் வைது தீர்க்கிற காற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு அதன்மேல் பாசமே வந்துவிட்டது.

மூன்றாவது பேனாவில் சிப்பி ஓட்டை மெலிதாகச் சீவிப் பதித்திருந்தார்கள். சங்கு குளிக்கப் போகும் நண்பர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல சிப்பிதான் அண்ணாச்சி. எத்தன பாகம் ஆழத்துல முங்கி எடுத்தாவளாம்?” என்று கேட்டார். அது பேனா என்பதை அவர் கடைசிவரை பொருட்படுத்தவில்லை.

ஆறோடு நின்றிருக்க வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஆத்தூர்க்காரர்கள், பையன் கப்பலில் இன்ஜினியர். இனிமேல் வீட்டுக்குள் ஒரு பெட்டி வந்தால் அது கல்யாணச் சாமானாகத்தான் இருக்க வேண்டும் என்று மனைவி சட்டம் போட்டாள். மகள் கையை நீட்டினாள்.

“கல்யாணம் முடியுற வரைக்கும் பேனா கெடையாதுப்பா. அடிங்க சத்தியம்.”

அடித்தேன். அடிக்கும்போதே ஏழாவது பேனா ஒரு பட்டறையில் பூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த ஆர்டர். சத்தியத்துக்கு முந்தின ஆர்டர் சத்தியத்தில் சேராது என்று வக்கீலும் ஜட்ஜுமாக எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, பேனா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். பழுத்த மாதுளையின் நிறம். கூடவே ஜப்பான் எழுத்தில் ஒரு கடிதம். செல்போனைக் காட்டியதும் அது தமிழாக்கிச் சொன்னது: பூச்சு புதிது, சிலருடைய தோலுக்கு ஆகாது, சில வாரம் காற்றாட வைத்துவிட்டு எடுக்கவும். சில வாரமா? சோறு ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பொறுக்கவில்லை. அன்று பூராவும் அதைப் பிடித்து எழுதினேன், மோந்து பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கன்னத்தில் வைத்து உருட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனா பிடித்த மூன்று விரல்களும் சிவந்து வீங்கியிருந்தன. மூக்கு நுனியிலும் வலது கன்னத்திலும் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். அரிப்பு உயிரை வாங்கியது. காபி கொண்டுவந்த மனைவி என் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

“தாயே! அம்மால்லா வந்திருக்கா!”

அம்மை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை ஏறியது. எனக்கு ஒரு பாய், தனி டம்ளர், இளநீர். வீட்டில் மீன் நின்றது, தாளிப்பும் நின்றது. டாக்டரிடம் போகலாமா என்று மகள் கேட்டதற்கு, “ஏளா, அம்மா இருக்கும்போது ஊசி மருந்தா? வாயக் கழுவு” என்று அதட்டு விழுந்தது. எனக்குக் காரணம் தெரியும். கடிதம் கண்முன் நின்றது. பேனாவைச் சொன்னால் சத்தியம் சந்தி சிரிக்கும்; இரண்டு நாளில் தானே வடிந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு பாயில் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் மனைவி ஆத்தூருக்குப் போன் போட்டாள். சம்பந்தியம்மாள் கோபப்படவில்லை, பரிவாகத்தான் பேசினார். ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது.

“அதுக்கென்ன மயினி, அம்மா வந்த வீட்டுல நல்ல காரியம் வைக்கக் கூடாதுல்லா. தலைக்குத் தண்ணி ஊத்தி ஒரு மாசம் கழியட்டும். ஆனா பையன் நிச்சயம் முடிஞ்ச கையோட கப்பலேறுதான். திரும்ப எட்டு மாசம் ஆவும். அவன் வரவும் பாத்துக்கிடுவோம்.”

எட்டு மாசம். மகள் எழுந்து அறைக்குள் போனாள். திங்களும் செவ்வாயும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது என் பாய்வரைக்கும் கேட்டது. செவ்வாய் சாயங்காலம், நிச்சயத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை மடித்து மறுபடி பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“இது அம்மை இல்ல. பேனா” என்றேன்.

மனைவி மகளைப் பார்த்தாள். “காய்ச்சல் மண்டைக்கு ஏறிட்டு போல. நெத்தியத் தொட்டுப் பாரு.”

அலுவலகத்திலிருந்து பெட்டியை வரவழைத்துக் காட்டினேன். கடிதத்தையும் நீட்டினேன். “இந்த மீன்முள்ளு எழுத்துல என்ன எழுதியிருக்குன்னு யாரு கண்டா? போன் ஆயிரம் சொல்லும்” என்றாள் மனைவி. “ஆனா பேனா புதுசுன்னு மட்டும் நல்லாத் தெரியுது.” அந்தப் பார்வைக்கு அம்மையே தேவலை.

நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. புண் இல்லாத இடது முன்கையில் பேனாவை நீளவாக்கில் வைத்துக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டச் சொன்னேன். மகள்தான் கட்டினாள். மறுநாள் சாயங்காலம் அவிழ்த்தோம். ஒன்றுமில்லை. மனைவி உதட்டைப் பிதுக்கினாள். என் வாழ்க்கையில் அரிப்பு வரவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். வியாழக்கிழமை விடியும்போது கை ஊறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை காலையில், மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்த கோடு. கோடு முழுக்கக் கொப்புளம்.

மனைவி போட்டோ எடுத்து அனுப்பினாள். போட்டோவை நம்பாமல் சம்பந்தியம்மாளே மத்தியானம் காரில் வந்து இறங்கினார். ஒரு கட்டு வெற்றிலையைக் கையில் பிடித்தபடி, வேப்பிலையைத் தாண்டாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கம்பிக்கு இடையில் கையை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பேனாவைப் பார்த்தார். திரும்பக் கையைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“எந்த ஊருலயாவது அம்மா ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுப் பாத்திருக்கியளா மயினி? வேப்பிலைய எடுத்துப் போடுங்க. புதன்கிழமை நிச்சயம்.” என் பக்கம் திரும்பி, “அண்ணே, அந்தப் பேனாவ மட்டும் எங்க பக்கம் கொண்டாந்துராதிய” என்றார். அன்றைக்கே டாக்டரிடம் போனேன். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் பொத்துப்போகிறதல்லவா, அந்த வகை மரம்தான் இதுவும் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். மறுநாள் வீட்டில் சீலா மீன் குழம்பு. நான் வெற்றி பெற்றவன்போல மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் நிச்சயத்தன்று சபையில் வாசிக்கும் பத்திரிகையைப் பெண்ணின் அப்பா கைப்பட எழுதுவது வழக்கம். என் மூன்று விரல்களிலும் துணி சுற்றியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை மகள் காகிதத்தின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“கடிக்காத பேனாவா ஒண்ணு குடுங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்.”

பழையதில் ஒன்றைக் கொடுத்தேன். பிள்ளையார் சுழி போட்டாள். நாளும் நட்சத்திரமும் எழுதினாள். என் கையெழுத்தைவிட நல்ல கையெழுத்து. சந்தோஷத்தில் நான் ஏதோ கிண்டலாகச் சொன்னேன், எல்லாம் பேனாவால் வந்த வினை, பேனாவாலேயே தீர்ந்தது என்கிற மாதிரி. அவள் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்தினாள்.

“பேனா வாங்குனதுக்கு எனக்குக் கோவம் இல்லப்பா” என்றாள். “ரெண்டு நாளா நான் அந்த ரூம்புல கெடந்து அழுதேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். அது அம்மை இல்லன்னும் தெரியும். தெரிஞ்சும் சும்மா படுத்திருந்திய.”

சத்தியத்துக்கு முந்தின ஆர்டர் என்று வாதாடிய வக்கீலும் தீர்ப்புச் சொன்ன ஜட்ஜும் எனக்குள்ளிருந்து எழுந்து போய்விட்டார்கள். வெட்கமாக இருந்தது.

அவள் காகிதத்தின்மேல் குனிந்து, “அடுத்து?” என்றாள்.

என் பெயரைச் சொன்னேன். எழுதினாள். ‘அவர்களின் மகள்’ என்று நான் சொல்வதற்கு முன்னால் அவளாகவே எழுதிவிட்டாள்.