வெட்டாமல் விடச் சொன்ன புல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓணம் கழிந்த சமயம். கேரள எல்லையில் பாறசாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு வீட்டில் நடந்தது இது.

எனக்கு ஊர் காரோடு பக்கம். நானும் என் தோழியும் முந்திரி ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அந்த வேலை நின்ற பிறகு, புல் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கி வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம். இரண்டு பெண்கள் மெஷின் தள்ளுவதைப் பார்க்க, முதலில் ஆட்கள் மதிலுக்கு மேலே தலையை நீட்டுவார்கள். பிறகு பழகிவிட்டது.

எங்கள் பக்கத்து வீடுகளில் பலா, மா, அயனி என்று மரம் இல்லாத முற்றமே கிடையாது. நிழலில் வளரும் புல்லை வெயில் புல் மாதிரி ஒட்ட வெட்டக் கூடாது. வெட்டினால் மஞ்சளடித்து, கொஞ்ச நாளில் மண் தெரியும். ஒரு வீட்டு முற்றத்தையே பாழாக்கிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு மெஷினை உயர்த்தி வைத்து, மூன்று விரல் உயரம் விட்டுத்தான் வெட்டுவோம்.

நான் சொல்ல வந்த வீட்டில் ஒரு சேச்சி தனியாக இருந்தார். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கணவருக்குக் கப்பலில் வேலை. மகளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முற்றத்தில் பட்டப்பகலிலும் சாயங்காலம் போல இருட்டு. முதல் நாளே சேச்சி, அடுக்களைப் படியிலிருந்து கிணற்றடி வரை ஒரு முழ அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடச் சொன்னார்.

"அது நிக்கட்டு. மத்தது எல்லாம் வெட்டிக்கோ" என்றார்.

அந்தப் புல் நேராகவும் போகவில்லை. பலாமரத்தைச் சுற்றி வளைந்து, முற்றம் முடியும் இடத்தில் கைப்பிடிச்சுவர் இல்லாத கல்லுக்கட்டின் ஓரத்தை விட்டு விலகி, கிணற்றடிக்குப் போயிற்று. கல்லுக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஓராள் ஆழத்தில் அடுத்த வீட்டு வாழைத்தோட்டம்.

அந்தப் புல் என் மண்டையைக் குடைந்தது. ஏதாவது மருந்துச்செடி உண்டோ என்று குனிந்து பார்த்தேன். வெறும் எருமைப்புல்தான். பைப் ஏதும் புதைத்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். நேர்ச்சையாக இருக்கும், சாமிக்கு வேண்டிக்கொண்டு விட்டிருப்பார் என்றாள் தோழி. பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் எங்களுக்கு இதே பேச்சு. சேச்சி மழையிலும் செருப்புப் போடாமல் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சாயா ஊற்றும்போது கிளாஸுக்குள் விரல் நுனியை வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நான்காவது தடவை போனபோது தோழிக்குக் காய்ச்சல், நான் மட்டும்தான். சேச்சி குளித்துக்கொண்டிருந்தார். நீ தொடங்கு, வாறேன் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். வெட்டி முடித்ததும், வாட்ஸ்அப்பில் போடலாம் என்று போட்டோ எடுக்கப் போனேன். முற்றம் விரிப்பு போட்டதுபோல இருந்தது, நடுவே அந்தப் பரட்டைப் புல் மட்டும் கண்ணை உறுத்தியது. இதையும் சமமாக்கினால் சேச்சிக்கும் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரே தள்ளில் வெட்டிவிட்டேன். போட்டோ அழகாக வந்தது. வெட்டி முடிந்தது என்று வெளியே நின்றே சொல்லிவிட்டு, அதே வழியில் இருந்த அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே போன பிறகுதான் பெட்ரோல் கேனை மறந்தது ஞாபகம் வந்தது. எடுக்கத் திரும்பி வந்தேன்.

சேச்சி துணி வாளியோடு முற்றத்தில் நின்றிருந்தார். வலது காலை நீட்டித் தரையைத் தடவினார். ஓரடி வைத்தார். மறுபடி தடவினார். கிணறு அவருக்கு இடது பக்கம் இருந்தது. அவரோ நேராகக் கல்லுக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திடுக்கிட்டுக் காலைத் தவறி வைத்துவிடுவாரோ என்று பயந்து, கூப்பிடாமலே ஓடினேன். நான் அவர் கையைப் பிடித்தபோது விளிம்புக்கு இன்னும் ஓரடிதான் மிச்சம். வாளி கையிலிருந்து நழுவி, கீழே வாழைகளுக்கு நடுவில் போய் விழுந்தது.

சேச்சி, வாளி விழுந்த சத்தம் எவ்வளவு கீழேயிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "புல்ல காணல்ல மக்கா. நீ வெட்டினியா?" என்றார்.

அவரைப் பிடித்துவந்து படியில் உட்காரவைத்தேன். நாலு வருடமாகப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, வெயிலில் கொஞ்சம் தெரியும், மர நிழலில் ஒன்றும் தெரியாது என்று அவரே சொன்னார். கணவருக்கும் மகளுக்கும் தெரியாது. தெரிந்தால் வீட்டைப் பூட்டி மகளுடைய ஃபிளாட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்களாம். ஒரு சிமென்ட் பாதையாவது போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"சிமென்ட் போட்டா எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. புல்லு வளந்தா ஆரு கேப்பா? காலுக்குத் தெரிஞ்சா போரும் ஆக்கும் எனக்கு."

ஆர்வம் தாங்காமல் இத்தனை நாள் யோசித்த நானும் அவரிடம் கேட்கவில்லைதான்.

நிழலில் புல் சீக்கிரம் வளராது. அன்று அடுக்களை ஜன்னல் கம்பியிலிருந்து கிணற்றடித் தூண் வரை இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினேன். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் மகளிடம் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினேன். புல் வளரும் வரை தினமும் போய்ப் பார்த்தேன். இரண்டாவது வாரம் போனபோது மகள் வந்திருந்தாள். சேச்சியே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். மகள் கூட்டிப் போய்க் காட்டிய கண் டாக்டர், போன பார்வை வராது, சொட்டுமருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாராம். நாலு வருடம் முன்பே வந்திருக்கலாமே என்றும் சொன்னாராம். மகள் அம்மாவைத் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போகவில்லை. கல்லுக்கட்டு ஓரம் முழுக்கக் கம்பிவேலி போட்டுவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் இப்போதும் நாங்கள்தான் புல் வெட்டுகிறோம். அந்தப் புல்லைப் பற்றி மாதக்கணக்கில் எத்தனையோ கதை கட்டிய நான், சேச்சியிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். யார் வீட்டிலாவது எனக்குப் புரியாத ஒன்றைப் பார்த்தால், அதைத் திருத்தத்தான் இன்றும் முதலில் கை நீளுகிறது. அந்த வாளி விழுந்த சத்தம்தான் என்னை நிறுத்தி, முதலில் கேட்க வைக்கிறது.