டிராகனுக்குச் சிவப்பா, நீலமா

நான் ஆறாவது முடித்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி நிறைய பூதங்கள் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. முன்பு பெங்களூரில் அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பர் வெளிநாடு கிளம்பும்போது, சுமக்க முடியாததையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருவருக்குக் குக்கர், ஒருவருக்கு மின்விசிறி. மாமாவின் பங்குக்கு வந்தது இந்தப் பெட்டி.

உள்ளே இருந்தவை ஏதோ ஒரு பலகை விளையாட்டுக்கான பொம்மைகள். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். கோடரி தூக்கிய குள்ளர்கள், எலும்புக்கூடு வீரர்கள், முழங்கால் வரை தாடி வளர்ந்த ஒரு மந்திரவாதி, பன்றி மூக்கோடு ஒரு ராட்சசன். எல்லாருக்கும் மேலே, என் உள்ளங்கை அகலத்துக்குச் சிறகு விரித்த ஒரு டிராகன். எல்லாமே சாம்பல் நிறப் பிளாஸ்டிக். வாங்குகிறவர்களே வண்ணம் பூசிக்கொள்ள வேண்டுமாம். பணம் கொடுத்து வாங்கிய பொம்மைக்கு நாமே பெயின்ட் அடிப்பதா என்று அப்பாவுக்கு, எங்கள் வாயில் நைனாவுக்கு, ஒரே ஆச்சரியம். அவர் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்த்தார். சீசன் நேரமாதலால் ஆச்சரியப்படக்கூட அவருக்கு அதிகம் நேரம் கிடைக்கவில்லை.

மாமா சித்தூரில் எங்களோடு தங்கியிருந்ததே ரயில்வே பரீட்சைக்குப் படிக்கத்தான். ரயில் ஓட்டும் வேலை. பரீட்சை பாஸாகிவிட்டது. மெடிக்கல், அதாவது உடம்பையும் கண்ணையும் சோதிப்பது, மட்டும்தான் பாக்கி. அம்மாவின் கணக்கில் அது பாக்கியே இல்லை. பெற்றோர் போன பிறகு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியைத் தன் பிள்ளைபோல வளர்த்தவள் அம்மா. தெருவில் யார் எதிர்ப்பட்டாலும், "ரயில் ஓட்டப் போறவன், வீட்ல பொம்ம வெச்சி ஆடிக்கினு கீறான்" என்று குறை சொல்வாள். அந்தக் குறையில் 'ரயில்' என்ற சொல் மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்கும்.

முதலில் ராட்சசனுக்கு வண்ணம் பூசினோம். பச்சைத் தோல் என்று மாமா முடிவு செய்தார். பூசி முடித்தபோது அவன் நல்ல மண் நிறத்தில் நின்றான். நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். எங்கள் வீட்டில் நிறங்களின் பெயர் எப்போதுமே ஒரு குழப்பம்தான். தமிழில் பச்சை என்றால் இலை. எங்கள் பள்ளியில் தெலுங்கு டீச்சர் 'பச்ச' என்றால் சில நாள் இலை, சில நாள் மஞ்சள். அதனால் மாமா எந்த நிறத்தை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது மொழியின் தப்பாகவே எங்களுக்குப் பட்டது. "பெங்களூருக்குப் போய் வந்து இவனுக்கு மூணு பாஷையும் கலந்துபோச்சி" என்று அம்மா முடித்துவிட்டாள்.

மந்திரவாதியின் முகத்துக்கு மாமாவே நிறம் கலந்தார். வெள்ளை, கொஞ்சம் பழுப்பு, ஒரு சொட்டு சிவப்பு என்று சொல்லிக்கொண்டே கலந்தார். வந்தது பாசி படிந்த தொட்டியின் நிறம். "இன்னா மாமா, காமாலை வந்தவனாட்டம் கீறான்?" என்றேன். மாமா பொம்மையைக் கண்ணுக்கு அருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். மந்திரவாதி என்றால் மூஞ்சி அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

டிராகன் விஷயத்தில் அப்படி விளையாட முடியாது. இருப்பதே ஒன்று. தப்பாகப் பூசிச் சுரண்டினால் செதிலெல்லாம் மழுங்கிப்போகும். மாமா கைபேசியில் வீடியோக்கள் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஐஸ்கிரீம் கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் முதலில் பூசிப் பார்ப்பது. ஸ்பூனின் முதுகு டிராகனின் முதுகைப் போலவே வளைந்திருக்கும் அல்லவா. சிலவற்றுக்கு அடிப்பூச்சாகக் கறுப்பு அடித்தோம், சிலவற்றுக்கு வெள்ளை. ஒரே சிவப்பு, வெள்ளை மேல் போனால் புது மிளகாய்த்தூளாகவும், கறுப்பு மேல் போனால் உலர்ந்த ரத்தமாகவும் மாறியது. உடம்புக்கு ஒரு நிறம், சிறகுக்கு அதோடு சண்டை போடாத இன்னொன்று, கொம்புக்கும் கண்ணுக்கும் மட்டும் பளிச்சென்று மூன்றாவது என்பது கணக்கு. வெயிலிலும் பார்க்க வேண்டும், டியூப்லைட் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். இரண்டிலும் நன்றாக இருந்தால்தான் டிராகன் மேல் கை வைக்கலாம்.

நான் சிவப்பு உடம்பு, பச்சைச் சிறகு என்றேன். மாமா நீல உடம்பு, மஞ்சள் சிறகு என்றார்.

"நெருப்பு கக்குறதுக்கு எதுக்கு மாமா நீலம்?"

"நீலந்தான் பாப்பா கண்ணுக்குத் தெளிவா தெரியும்."

அழுகைதான் அந்த வயதில் என் கடைசி ஆயுதம். அதை எடுத்தேன். சரி, உன்னுடையதையும் பார்த்துவிடலாம் என்று மாமா இறங்கி வந்தார். நான் விதவிதமான சிவப்பிலும் விதவிதமான பச்சையிலும் ஸ்பூன்கள் செய்து, காயவைத்து, ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினேன். எந்தச் சிவப்புக்கு எந்தப் பச்சை பொருந்தும் என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

மாமா வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "பாதிக்கு மேல ஒரே மாதிரிதானே கீது" என்றார்.

கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதுவும் இதுவும் ஒண்ணா?"

மாமா இரண்டையும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். வேப்பமர நிழலுக்குப் போய் அங்கே பார்த்தார். நான் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. என் வண்ணத் தேர்வை ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பரிசோதிக்கிறாரே என்று என் கோபமெல்லாம் பறந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஒரு புதிய விளையாட்டு ஆரம்பித்தது. மாமாதான் ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு ஸ்பூனாகக் காட்ட வேண்டும். அவர் நிறத்தைச் சொல்ல வேண்டும். நான் மார்க் போட வேண்டும். அடர்ந்த சிவப்பையும் வெளிர் பச்சையையும் காட்டினால் சரியாகச் சொல்லிவிடுவார். இரண்டையும் தனித்தனியே ஒரே அளவு வெளுப்பாகக் கலந்து காட்டினால் திணறுவார். இந்தத் தந்திரத்தை நான் சீக்கிரமே கண்டுபிடித்தேன். பிறகு அவருக்கு மார்க்கே விழவில்லை. ரயில்வே பரீட்சையில் ஜெயித்தவர் என்னிடம் தோற்கிறார் என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை. இந்த ஆட்டத்தை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் மாமா கேட்டுக்கொண்டார். தரையில் பெயின்ட் கறை படிவதால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மெடிக்கலுக்கு நாள் நெருங்கியது. நல்ல சிவப்பு ஒன்று வாங்கி வரலாம் என்று சொல்லி மாமா என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனார். படம் வரையும் சாமான்கள் விற்கும் கடையில், ஒவ்வொரு புட்டியின் மேலும் ஒட்டியிருந்த பெயரைப் படித்துப் படித்து எடுத்தார். படித்தவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள் போலிருக்கிறது என்று நானும் இரண்டு புட்டிகளைப் படித்துப் பார்த்தேன். வாங்கி முடித்ததும், சும்மா ஒரு வேலை என்று சொல்லி ஒரு கண் டாக்டரிடம் போனார்.

டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ண வண்ணப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே ஒரு எண். முதல் பக்கத்தில் மாமா "ட்வெல்வ்" என்றார். சரி. அடுத்த பக்கத்தில் எட்டு. மாமா மூன்று என்றார். நான் பக்கத்து நாற்காலியில் நெளிந்தேன். இன்னும் ஒரு பக்கம் போயிற்று. பிறகு வந்த பக்கத்தில், "ட்வென்ட்டி ஒன்" என்று மாமா தயங்கிக்கொண்டே சொன்னார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "ஐயோ மாமா, செவன்ட்டி ஃபோர்!"

டாக்டர் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். ஆனால் அடுத்த பக்கம் திருப்பியபோது மாமா, "நீயே சொல்லு பாப்பா" என்றார். நான் சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். புத்தகம் முடியும் வரை கத்திக் கத்திச் சொன்னேன். மாமா புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் தெலுங்கில் மெதுவாகப் பேசினார். பிறவியிலேயே வந்தது, மருந்து ஒன்றும் கிடையாது என்றது மட்டும் என் காதில் விழுந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை. நல்ல டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா கேட்டார். "சிவப்பும் பச்சையும் உனக்கு எப்பிடித் தெரியும் பாப்பா?"

இது என்ன கேள்வி. "சிவப்பு சிவப்பாட்டம். பச்சை பச்சையாட்டம்."

மாமா சிரித்தார்.

வீட்டில் அம்மா மெடிக்கலுக்குப் போட்டுப்போக வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையை எடுத்துக் காட்டினாள். மாமா அதைத் தொடாமலே, "நான் போகலக்கா" என்றார்.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வீடு அதிர்ந்தது. ஏன் என்று கேட்டாள். மாமா வாங்கி வந்த புட்டிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார். ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்றாள். நைனா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் அம்மாவின் கண் பொம்மைப் பெட்டியின் மேல் விழுந்தது. "எல்லாம் இந்த சனியனாலதான். இதுங்களோட சேந்து நீயும் பொம்மையாயிட்ட" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தாள்.

டிராகன் குப்பைக்குப் போகிறதே என்று எனக்குப் பதறிற்று. அம்மாவின் மனத்தை மாற்ற அவளுக்குச் சந்தோஷமான செய்தி ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது.

"அம்மா, கண் டாக்டர் காட்டுன நம்பரெல்லாம் நாந்தான் கரெக்டா சொன்னேன். மாமா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. மீதியெல்லாம் ஃபெயிலு."

அம்மா நின்றாள். "எந்தக் கண் டாக்டரு?"

நான் சொன்னேன். புள்ளிகளைச் சொன்னேன், எட்டையும் எழுபத்து நாலையும் சொன்னேன், போகிற போக்கில் ஸ்பூன் ஆட்டத்தையும் மார்க்கையும் சொல்லிவிட்டேன். அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே கைவிட்டு மந்திரவாதியை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"இவன் மூஞ்சி இன்னா கலருடா?"

மாமா தலையை நிமிர்த்தவில்லை. "தெரியலக்கா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமோ பேசுவதுபோல, "நம்ம ஊரு குடிபாலாவுல தக்காளி பொறுக்க அனுப்புனா, பழத்த உட்டுட்டுக் காயா பறிச்சிக்கினு வருவியே. வேலைக்கு வணங்காம பண்றியேன்னு உன்ன எப்பிடி அடிச்சேன்" என்றாள். மாமா, "அதெல்லாம் உடுக்கா" என்றார். அம்மா விடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கையிலடா அடிச்சேன்" என்று கேட்டு அழுதாள். நைனா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

மாமா பிறகு குப்பம் என்ற ஊரில் ஒரு கிரானைட் கம்பெனியில் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் கணக்குப் பார்க்கிறார். அம்மா யாரிடமும் ரயிலைப் பற்றி மறுபடி பேசவில்லை. கேட்டவர்களிடம், தனக்குத்தான் அவனை அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வரவில்லை என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. அம்மா மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். மீன் குழம்பில் நல்ல துண்டுகளாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். ஃபெயிலானவருக்கு இத்தனை உபசாரம். ஒரு எண்ணைக்கூட விடாமல் சரியாகச் சொன்ன என்னை ஒருவரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. நான் கோபித்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டேன்.