வலப்பக்கம் இறங்கும் வெட்டு

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது பிரேமாவதி தன் சிலையைப் பார்க்கப் போனார்.

சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகப் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டுகிறவர் அவர். டவுன் சந்திப்பில் கட்டும் நீரூற்று கெடா மாநிலத்தின் குணத்தைக் காட்ட வேண்டும் என்று முடிவானதும், ஒரு பக்கம் நெற்கதிர், மறுபக்கம் பால்மரமும் அதன் அருகே ஒரு பெண்ணும் என்று சிற்பி லுக்மான் வரைந்தார். பெண்ணுக்கு ஒரு முகம் வேண்டும். தோட்டத்தில் வந்து கேட்டபோது கையைத் தூக்கியவர் பிரேமாவதிதான். மரத்தடியில் நின்று ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினார்.

கூட வேலை செய்யும் உமாராணியையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுதான் போனார். லுக்மான் தண்ணீரைத் திறந்தார். மரத்தின் வெட்டு வழியே நீர் வழிந்து, பால் பிடிக்கும் மங்கில் நிறைந்து, தொட்டியில் கொட்டியது. முகம் அச்சு அசல்.

உமாராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏய் பிரேமா, நீ எப்போலேர்ந்து இடப்பக்கமா வெட்டுற?"

தோட்டத்தில் வெட்டு இடது மேலே தொடங்கி வலது கீழே இறங்கும். அப்போதுதான் பால் கூடுதலாக வரும். சிலையில் அது மாறிக் கிடந்தது.

"சனிக்கிழமை நாலு தோட்டத்து ஜனமும் வருது அண்ணே. பிரேமாவுக்கு மரம் வெட்டத் தெரியாதுன்னு டவுன் நடுவுல எழுதி வச்ச மாதிரில்ல இருக்கு! மாத்துங்க," என்றார் பிரேமாவதி.

"நீ அனுப்புன படம்தான்மா," என்று லுக்மான் போனைக் காட்டினார்.

உமாராணி எட்டிப் பார்த்தார். படத்தில் பிரேமாவதியின் சட்டை எழுத்தெல்லாம் இடம்வலம் மாறியிருந்தது. "செல்ஃபி லா அண்ணே! கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்கு."

"சிலைக்கு எழுத்து வேணாம்னு அதைக் கவனிக்காம விட்டுட்டேனே!" லுக்மான் தலையில் கைவைத்தார். "மரம் சிமெண்ட்தான். அடைச்சுப் புதுசாப் பூசிடலாம். ஆனா அந்தச் சரிவு எனக்குப் பிடிபடாது."

"நீங்க பூசுங்க. வெட்டுறது நான்."

மறுநாள் வேலை முடிந்து பால் உளியோடு வந்தார். ஈரச் சிமெண்டில் இடது மேலே உளியை வைத்து, மரத்தைச் சுற்றிப் பின்னால் நகர்ந்தபடியே இழுத்து இறக்கினார். இருபது நொடி வேலை. மங்கை வலப்பக்கம் மாற்றிப் பொருத்த லுக்மானுக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

சனிக்கிழமை விழாப் பேச்செல்லாம் முடிந்ததும் தோட்டத்துப் பெண்கள் தொட்டியைச் சூழ்ந்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வெட்டில்தான்.

யார் வெட்டினாலும் குறை கண்டுபிடிக்கிற பிச்சையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள்ளேயே இறங்கினார். உளி ஆழமாகப் போயிருந்தால் மரத்துக்குக் காயம். வெட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"காயம் படல. நம்ம பிள்ளை வெட்டுதான்."

அடுத்த நிமிடம் தொட்டிக்குள் ஏழு பேர். பிரேமாவதியை இழுத்து நடுவில் நிறுத்தி, மங்குத் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினார்கள்.