அமிர்தவல்லியின் தேதிப் புரோகிராம்

அமிர்தவல்லி கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. 1987இல் மீன்சுருட்டிக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவே, முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரின் துணை சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். பின்பக்கத்து இரண்டு அறைகள்தான் வீடு. பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவளை மேலே படிக்க வைக்க ஆளில்லாமல் நர்ஸ் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குறை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. தபாலிலேயே புரோகிராம் எழுதக் கற்றுத் தருவதாகச் சென்னை விளம்பரம் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்ததும் கணவன் கண்ணையனிடம் காட்டினாள்.

"மிஷின் இல்லாம எப்புடி படிப்ப?"

"நாம எழுதி அனுப்புனா அவங்க மிஷின்ல ஓட்டிப் பாத்து, என்ன வந்துச்சோ அத அச்சடிச்சு அனுப்புவாங்களாம்."

"படிச்சுக்க. யாரு வேணாங்கிறா."

பாடங்கள் இங்கிலீஷில் வந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். ஆறாவது பாடத்தில், தினமும் செய்கிற ஒரு வேலையை எடுத்துப் பயிற்சிக்காகப் புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எதை எடுப்பது என்பதிலேயே ஒரு மாதம் போயிற்று. ஜெயங்கொண்டம் பஸ் நேரத்தை எழுதப் பார்த்தாள். பஸ் எந்த நேரத்துக்கும் கட்டுப்பட்டு வருவதில்லை. சமையலை எழுதினாள். மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை.

ஒரு நாள் குழந்தைகளின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறந்த தேதியிலிருந்து ஆறு வாரத்தில் முத்தடுப்பு ஊசி, ஒன்பது மாதத்தில் தட்டம்மை ஊசி. ஒவ்வொரு குழந்தைக்கும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, இதுதான் என்று பட்டது.

மிஷினுக்குப் பதிலாகக் காலி மருந்துப் பெட்டிகளைத் தரையில் பரப்பினாள். மேலே ஏ, பி, சி என்று எழுதினாள். புரோகிராமில் ஒரு எண் மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும் சீட்டை எடுத்துவிட்டு வேறு சீட்டு போட்டாள். மத்தியானச் சோற்றுக்கு வந்த கண்ணையன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"சுத்தி வாங்க. பி-ய மிதிச்சிடாதீங்க."

எழுதி அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: நாற்பதாவது வரியில் பிழை. ஒரு கமா விட்டுப்போயிருந்தது. திருத்தி அனுப்பிவிட்டு இன்னும் மூன்று வாரம் காத்திருந்தாள். இந்த முறை தேதி வந்தது: ஜூன் மாதம் ஐம்பத்திரண்டாம் தேதி. முதலில் சிரித்தாள். பிறகு அழுகை வந்தது. மாதத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லிக் கொடுக்காவிட்டால் மிஷினுக்குத் தெரியாது. பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்து எழுதி, நாற்பத்தொரு குழந்தைகளின் பிறந்த தேதிகளோடு அக்டோபரில் மறுபடி அனுப்பினாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு வரும் பாலம் உடைந்துபோனதால், புதன்கிழமை தோறும் ஐஸ் பெட்டியில் தடுப்பு மருந்து கொண்டுவரும் வண்டியால் வர முடியவில்லை. நான்கு புதன்கிழமை அப்படியே போயிற்று.

நவம்பர் கடைசியில் தபால்காரர் தண்ணீரில் நடந்து வந்து கவரைக் கொடுத்தார். இரண்டு ஓரத்திலும் ஓட்டைகள் போட்ட நீளக் காகிதம். நாற்பத்தொரு பெயரையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை.

"சரியா வந்துருச்சுங்க!" என்று கத்தினாள்.

சந்தோஷம் அடங்கியபின் மறுபடி படித்தாள். பதினேழாவது வரியில், முந்திரி உடைக்கப் போகும் செங்கமலத்தின் மகள் கலைச்செல்வி. தட்டம்மை ஊசி, நவம்பர் நான்கு. அது போய் இருபத்திரண்டு நாளாகியிருந்தது. அப்படித் தாண்டியவர்கள் இன்னும் ஆறு பேர். அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் அதில் இல்லை.

இரண்டு நாளில் செங்கமலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல். கண்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஊசிக்கு ரெண்டு தடவ வந்தேன் நர்ஸம்மா. மருந்து வல்லேன்னீங்க."

"ஆமா செங்கமலம். வந்த."

"இப்பப் போட்டா கேக்குமா?"

"இப்பப் போட்டுப் பிரயோசனம் இல்ல. மருந்தும் இல்ல."

அலமாரியில் இருந்த வைட்டமின் சொட்டைக் கொடுத்தாள். கண்ணையன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடக்க, மூவரும் பாலத்து உடைப்பில் இறங்கிக் கடந்து பஸ் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளை பிழைத்தது. வலது கண்ணில் மட்டும் வெள்ளை படர்ந்து நின்றுவிட்டது. செங்கமலம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அமிர்தவல்லிக்கு இருந்தது.

கடைசிப் பாடம், பழைய புரோகிராமையே இன்னும் மேம்படுத்தச் சொன்னது. மருந்து இல்லையென்றால், என்று ஒரு வரி தொடங்கினாள். அடுத்து எந்த வரிக்குப் போவது என்று எண் போட வேண்டும். அடுத்த புதன்கிழமைக்குப் போகச் சொன்னாள், அதை அடித்துவிட்டாள். பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போகச் சொன்னாள். மருந்து வண்டி அங்கே போவதற்கும் அதே பாலம்தான்.

"மருந்து இல்லேன்னா எங்க போகச் சொல்றதுங்க?"

கண்ணையன் காகிதத்தையும் அவளையும் பார்த்தான். "எனக்கு என்ன தெரியும் அமிர்தம்" என்றான்.

எண்ணே போடாமல் அனுப்பிவிட்டாள். இருநூற்றுப் பத்தாவது வரி முழுமையில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். ஆனாலும் தேறிவிட்டதாகச் சித்திரையில் சான்றிதழ் வந்தது. அதில் அவள் பெயருக்கு முன்னால் 'திரு' என்று அச்சாகியிருந்தது. திருத்தித் தரச் சொல்லி எழுத ஒரு இன்லேண்டு லெட்டரை எடுத்தாள். தேதி போட்டதற்கு மேல் கை ஓடவில்லை. அதிலேயே உடையார்பாளையத்து அக்காவுக்கு நலம் விசாரித்து எழுதி, ஒட்டிப் போட்டுவிட்டாள்.