கார்த்திகைதோறும் ஓர் ஊசி

இதை எழுத எத்தனையோ வருஷம் தயங்கினேன். ஐந்தாவது வரைதான் படித்தவள் என்பது வெறும் சாக்கு. என் பெண்ணுக்கு இருதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் கல்யாணம் தட்டிப்போகுமே என்ற பயம்தான் நிஜம். இப்போது அவளே பேரன் எடுத்துவிட்டாள், "எழுதும்மா" என்கிறாள்.

ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் குடியிருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது. தொண்டைவலி வந்துபோன சில வாரத்தில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கிற்று. அது வடிந்தால் மணிக்கட்டு. மூலிகைத் தண்ணீர் என்று குற்றாலத்து அருவியில் கொண்டுபோய் நிறுத்தினோம். வீக்கமெல்லாம் போயே போய்விட்டது! சந்தோஷமாக இலஞ்சி முருகனுக்குப் பொங்கலிட்டுத் திரும்பும்போது, கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூச்சு முட்டுதும்மா."

தென்காசி டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "தொண்டைக் கிருமியை விரட்ட உடம்பு ஒரு படையைக் கிளப்புச்சு, தாயி. அது ஆள் தெரியாம சொந்த வீட்டையே அடிக்குது. மூட்டு தப்பிச்சுக்கிடும். இருதயத்து வால்வுலதான் தழும்பு விழும்; இப்பவே அதுல ஒரு இரைச்சல் கேக்குது. தொண்டைப்புண் திரும்ப வந்தா திரும்பவும் அடிக்கும். நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கா போடணும். நாள் தவறப்படாது."

மூன்றாம் மாசமே தவறவிட்டோம். காய்ச்சல் திரும்பிற்று.

"ஏட்டி, நாலு வாரம் எண்ணத் தெரியாதா உனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கார்த்திகை விரதம் ஒண்ணாவது நான் தவறவிட்டிருக்கேனா? நீங்கதான் எண்ணியிருக்கணும்!"

சொன்ன வாயோடு எனக்குப் பொறி தட்டிற்று. கார்த்திகை நட்சத்திரம் இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை வருகிறதே! டாக்டரிடம் ஓடினேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஒரு நாள் முன்னாடியே வந்திருதே! முருகனே கணக்குப் பாத்துக்கிடட்டும்."

அதிலிருந்து கார்த்திகைதோறும் காலையில் இலஞ்சி, அப்புறம் ஊசி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே மகள் கேட்பாள்: "முருகனுக்கு வேலு, எனக்கு மட்டும் ஊசியாம்மா?"

பதினெட்டு வயதில் ஒரு நாள் டாக்டர் அவளை இடதுபக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடி கேட்டார். "அந்த இரைச்சலே இல்லையே, தாயி! ஊசியை மட்டும் நான் சொல்லுதவரைக்கும் நிறுத்தாதீங்க. சீசன்தானே, போய் அருவியில நில்லுங்க!"

அன்றைக்கே போனோம். கொட்டுகிற தண்ணீருக்குள் நின்று, "அம்மா, இங்கன வா!" என்று கத்தினாள். அத்தனை கத்தியும் மூச்சு முட்டவில்லை. முருகா, முருகா என்று நானும் கத்தினேன்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் முருகனை மட்டும் சொல்லி ஊசியை விட்டுவிடாதீர்கள். இன்னொரு பிள்ளை படியில் உட்கார்ந்துவிடும். ஊசியைச் சொல்லி முருகனை விட்டால் எனக்கு மனசு ஆறாது. நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.