பெரட்டுக்கு நேரமாச்சு

எங்கள் அம்மா பிறந்தது மடுல்சீமையில். வாழ்க்கைப்பட்டு வந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே கண்மூடி, இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

மறைந்தவரைப் பொறுமையின் வடிவம் என்று எழுதுவது வழக்கம். அம்மாவைப் பற்றி அப்படி எழுதினால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். ஒருமுறை பதுளை பஸ்ஸில் ஒருவர், "வளந்த புள்ளைய ஏம்மா தூக்கிக்கிட்டு அலையிறீங்க?" என்று கேட்டார். "பெத்தவ தூக்காம வேற யாருங்க தூக்குவா? கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றார் அம்மா.

தூக்கிச் சென்றது என் தங்கையை. எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பா. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். நடக்கவும் பேசவும் வராது. வலிப்பு வரும். குழைத்த சோற்றைக்கூட மெதுவாகத்தான் விழுங்குவாள். அம்மா விடியலிலேயே எழுந்து அவளுக்கு ஊட்டி, பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவார். பிந்தினால் அன்று வேலை இல்லை. அதனால் ஒவ்வொரு வாய்க்கும், "பெரட்டுக்கு நேரமாச்சு, வாயத் தொற பாப்பா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொல்வார். இரவுச் சாப்பாட்டுக்கும் அதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. "எந்தப் பெரட்டும்மா இப்ப?" என்று நாங்கள் கேலி செய்வோம். அம்மா சிரிப்பார். படுக்கையில் விழுந்த பிறகும் பாப்பாவைப் பக்கத்தில் கிடத்தி அவரேதான் ஊட்டினார்; அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. "எனக்கப்புறம் இதுக்கு யாரு ஊட்டுவா?" என்பது மட்டுமே அவருடைய கவலையாக இருந்தது.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் பாப்பா வாயைத் திறக்கவில்லை. கொஞ்சினோம், பாடினோம், அதட்டியும் பார்த்தோம். வலிப்பு மருந்தும் உள்ளே போகவில்லை. இப்படியே இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலை கரண்டியோடு நான் உட்கார்ந்திருந்தபோது, அத்தை தன் வீட்டு வாசலில் நின்று மருமகளை விரட்டினார்: "பெரட்டுக்கு நேரமாச்சு, இன்னும் என்ன பண்ற?"

பாப்பா வாயைத் திறந்தாள்.

அவளுக்குப் பெரட்டு என்றால் சோறு. இத்தனை வருடமும் அது எங்களுக்குத் தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன். எட்டிப் பார்த்த அத்தை, "அழுகைய அப்புறம் வச்சுக்கலாம், மொதல்ல ஊட்டு புள்ள" என்றார்.

பாப்பாவைத் தன் மகளாகப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும், மழை நாட்களில் அவளை ரோடு வரை சுமந்து வந்த லயத்துச் சகோதரர்களுக்கும், அவளை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டக் கற்றுத் தந்த ஆஸ்பத்திரி மிஸ்ஸுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பாப்பா இப்போது பதுளையில் என்னோடு இருக்கிறாள். என் கணவர் கடைக்காரர். பெரட்டுக்களத்தைக் கண்ணால் பார்க்காதவர். கடை சாத்தி வந்ததும் அவர்தான், "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று ஊட்டுகிறார். அவள் வாயைத் திறக்கிறாள். பிறகு வாசலைப் பார்க்கிறாள்.

அம்மாவின் இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் உறவுகளே, பதுளைப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். பாப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போங்கள். என்ன சொல்லி ஊட்ட வேண்டும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

மூத்த மகள்